பல்லால் உரித்த ஒயர்

விமல்ராஜ் ஒயரைப் பல்லால்தான் உரிப்பான். கடையில் அதற்கென்றே ஒரு கட்டர் இருந்தது. சிவப்புப் பிடி போட்டது. சத்யப்ரியாதான் அதைத் துடைத்து ஆணியில் மாட்டி வைத்திருந்தாள். அவன் கை அந்தப் பக்கம் போகாது. ஒயரின் முனையைக் கடைவாயில் கொடுத்து, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து ஓர் இழுப்பு இழுப்பான். பிளாஸ்டிக் தோல் வாயோடு வந்துவிடும். அதைத் தரையில் துப்பிவிட்டு, எச்சில் பளபளக்கும் செப்புக் கம்பியை அவளிடம் நீட்டுவான்.

"இந்தா, ஈயம் வை."

சத்யா அதை இரண்டு விரல் நுனியால் வாங்கி, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்த பிறகுதான் வேலையைத் தொடங்குவாள்.

"பெரிய கலெக்டரு வீட்டுப் பொண்ணு," என்று அவன் சிரிப்பான். சிரிக்கும்போது பல்லிடுக்கில் பச்சையாகவோ சிவப்பாகவோ ஏதாவது தெரியும். அவள் குனிந்துகொள்வாள்.

அவன் அவளுடைய பெரியம்மா மகன். செவிலிமேட்டில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். முன்னால் கண்ணாடிப் பெட்டியும் அவனும். பின்னால் ஒரு பிளைவுட் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் சத்யா. வருகிறவர்களுக்கு அவள் தெரியமாட்டாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது. ஆட்களைப் பார்க்க வேண்டியதில்லை, அவர்களுடைய போனை மட்டும் பார்த்தால் போதும். ஆனால் போனும் லேசுப்பட்டது இல்லை. ஸ்பீக்கர் வலையில் காதழுக்கு, சார்ஜர் ஓட்டையில் மூக்குப்பொடி, கண்ணாடியில் கன்னத்து எண்ணெய். கழிவறையில் விழுந்த போனைக் கழுவக்கூடச் செய்யாமல் கொண்டுவந்து, "தண்ணில வுழுந்துச்சு" என்று கொடுத்தவர் ஒருவர். எந்தத் தண்ணி என்பது மூடியைத் திறந்ததும் தெரிந்தது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

பள்ளிக்கூடத்தை விட்டதும் இப்படி ஒரு காரணத்துக்காகத்தான். கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, "கணக்கு வரலன்னு நின்னுட்டா" என்று சொல்லிவைத்தாள். கணக்கு நன்றாகவே வந்தது. அங்கே இருந்த கக்கூஸ்தான் காரணம். காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்து, கடைசியில் காய்ச்சலில் படுத்தாள். எழுந்தபின் போகவில்லை. ஏன் என்று டீச்சர் வீடு தேடி வந்து கேட்டபோது சொல்ல நினைத்தாள். வாய் வரவில்லை. அதை ஆள் முன்னால் எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்து நின்றுவிடும். அவள் சுபாவம் அப்படி.

கேம் பெட்டியை அவள் செய்ததும் சொல்லாமல்தான். காலேஜ் பையன் ஒருவன் புராஜெக்ட் முடிந்ததும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் போர்டைக் கடையில் தள்ளிவிட்டுப் போனான். விமல்ராஜ் அதை டிராயரில் போட்டு மறந்துவிட்டான். சத்யா எடுத்துத் தூசு துடைத்தாள். ரிப்பேருக்கு வந்த போன்களில் வீடியோ பார்த்து, புரியாத இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்து, டிவியில் கேசட் செருகி விளையாடிய காலத்து விளையாட்டுகளை ஒரு மெமரி கார்டில் ஏற்றினாள். குதித்து ஓடுகிறவை, சுடுகிறவை, கார் பந்தயம். எல்லாவற்றையும் தன்னுடைய பழைய பிளாஸ்டிக் லஞ்ச் டப்பாவில் அடக்கினாள். கடை டிவியில் அது உயிர் பெற்றுப் பாட்டுப் பாடியபோது விமல்ராஜ் தடுப்பைத் தாண்டி எட்டிப் பார்த்தான்.

"அடிப்பாவி. இன்னா இது, டிபன் பாக்ஸ் பாடுது?"

மறுநாளே அது அவனுடையதாகிவிட்டது. "நம்ம கடையில செஞ்சது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினான்.

அந்தப் பெட்டி அடிக்கடி செத்துப்போனது. கடை மூடும்போது விமல்ராஜுக்கு ஒரு வழக்கம். கற்பூரம் ஏற்றி, சாமி படத்துக்குக் காட்டி, கல்லாவுக்குக் காட்டி, கடைசியாக மெயின் பெட்டிக்கும் காட்டிவிட்டு, "முருகா" என்று மெயினை டமாரென்று இறக்குவான். பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்க மாட்டான். காலையில் போட்டால் டிவியில் வெள்ளை எழுத்து நாலு வரி வந்து அப்படியே நிற்கும். கார்டு போயிற்று. சத்யா மறுபடி முதலிலிருந்து ஏற்றுவாள்.

"அண்ணா, அது டியூப்லைட் இல்லண்ணா," என்று ஒருநாள் தைரியமாகச் சொன்னாள். "உள்ள எழுதிக்கினே இருக்கும். எழுதறவங்க கையைப் புடிச்சி இழுத்தா இன்னா ஆவும்? கோடு போயி பேப்பரு கிழிஞ்சிடும் இல்ல? அப்படித்தான்."

"நல்லா பேசறியே. அப்ப அதுக்கு ஒரு ஸ்விட்ச்சு வை. எனக்கு கற்பூரம் காட்டாம தூக்கம் வராது."

அந்த ஸ்விட்சைத்தான் அவள் யோசித்து யோசித்துச் செய்தாள். ஒரு சின்னப் பட்டன். போர்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு ஊசிகளில் இரண்டு மெல்லிய ஒயர். பட்டனை அழுத்தினால் கரண்ட் நிற்காது. 'போதும், மூடு' என்கிற சேதிதான் போர்டுக்குப் போகும். போர்டு தன் வேலையை முடித்து, எழுதியதை எழுதி வைத்து, பச்சை விளக்கைச் சிமிட்டிவிட்டுத் தானாகத் தூங்கும். விளக்கு அணைந்த பிறகு யார் பிளக்கைப் பிடுங்கினாலும் கவலையில்லை. மறுபடி அழுத்தினால் எழுந்துகொள்ளும். பட்டனில் ஓடுவது இரண்டு சுவர்க்கடிகார பேட்டரிக்குச் சற்று மேலான மின்சாரம். குழந்தை நாக்கால் நக்கினாலும் ஒன்றும் ஆகாது. பெட்டிக்கு வெளியே செல்போன் சார்ஜர் ஒன்று, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பெட்டி சாகவில்லை.

மண்டபம் வைத்திருக்கும் குமரகுரு போன் ரிப்பேருக்கு வந்தவர், பிள்ளைகள் அதைச் சுற்றி நிற்பதைப் பார்த்தார். பெரிய மண்டபம் அவருடையது. பட்டு எடுக்க ஊருக்கு வந்து அப்படியே கல்யாணத்தையும் முடித்துவிட்டுப் போகிறவர்களால் எப்போதும் நிறைந்திருக்கும். பிள்ளைகள் மணமேடையில் ஏறி ஓடாமல் இருக்க அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது.

"ஒண்ணு செஞ்சி குடுப்பா. நல்லா ஓடிச்சின்னா மத்த மண்டபத்துக்கும் வாங்கிக்கறேன். ஆனா ஒண்ணு. எங்க ஆளுங்க பந்தி முடிஞ்சதும் எதுக்கு இன்னா ஒயருன்னு பாக்காம எல்லாத்தையும் புடுங்குவானுங்க. கெட்டுப் போவாதே?"

"சேஃப்டி ஸ்விட்ச் வெச்சி தரோம் சார்," என்றான் விமல்ராஜ்.

தரோம் என்றால் சத்யா செய்ய வேண்டும் என்று பொருள். புதிதாகச் செய்ய இன்னொரு போர்டு இல்லை. கடையில் இருந்த அந்தப் பெட்டியைத்தான் கொடுக்கப் போகிறார்கள் என்றதும் டப்பாவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள், பட்டனுக்குப் பக்கத்தில் பச்சை விளக்கைப் பொருத்தினாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். தான் செய்த பெட்டி வெளியே போய், யார் கையிலும் சாகாமல் இருக்க வேண்டும். தடுப்புக்குப் பின்னாலிருந்து வெளியே போகிற முதல் பொருள் அது.

வெள்ளிக்கிழமை கல்யாணம். வியாழக்கிழமை சாயங்காலம் அவள் வீட்டுக்குக் கிளம்பும்போது விமல்ராஜ் டப்பாவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாம்பார் சாதம் எடுத்துக்கினு போற மாதிரியே இருக்குதும்மா. ஓனரு இன்னா நெனப்பாரு? நீ போ, நான் பேக்கிங் பண்ணிக்கறேன்."

பேக்கிங் என்றால் அட்டைப் பெட்டியும் ஜிகினாத் தாளும் என்று அவள் நினைத்தாள்.

மறுநாள் காலை அவள்தான் கடையைத் திறந்தாள். விமல்ராஜ் விடியும் முன்பே மண்டபத்துக்குப் போயிருந்தான். துடைப்பத்தை எடுத்து முன்பக்கம் பெருக்கினாள். பீடித் துண்டு, டீ கப், பிறகு அவன் துப்பிய தோல்கள். வழக்கமான அருவருப்போடு அவற்றை முறத்தில் தள்ளியவள், கை நின்றுபோய்ப் பார்த்தாள்.

எல்லாம் தடித்த தோல். சிவப்பும் கறுப்பும். மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் போகிற ஒயரின் தோல். ஒவ்வொன்றிலும் பல் பதிந்திருந்தது.

அவளுடைய பட்டனுக்குப் போட்ட ஒயர் நூல் மாதிரி இருக்கும். இந்தத் தடித்த ஒயர் எதற்கு?

மேசையைப் பார்த்தாள். லஞ்ச் டப்பா மூடி திறந்து காலியாகக் கிடந்தது. பட்டன், அதன் இரண்டு ஒயர்களும் வெட்டப்பட்டு, ஆணிகள் போடும் தட்டில் கிடந்தது. பக்கத்தில் தங்க நிற ஸ்பிரே டப்பா. மேசையெங்கும் தகரச் சீவல், ஸ்குரூ டிரைவரால் குத்திக் குத்தி ஓட்டை போட்டதுபோல. மூலையில் எப்போதும் இருக்கும் பெரிய பிஸ்கட் தகர டப்பாவைக் காணவில்லை.

முறத்தைக் கீழே வைத்தாள். அவன் என்ன செய்திருக்கிறான் என்பது அந்த எச்சில் தோல்களிலேயே எழுதி வைத்ததுபோலத் தெரிந்தது. சார்ஜரைத் தகர டப்பாவுக்குள் வைத்து, வீட்டுக் கரண்டை நேராக உள்ளே இழுத்து, வெளியே பெரிய ஸ்விட்ச் ஒன்று வைத்திருக்கிறான். பல்லால் கடித்தது எவ்வளவு கடித்திருக்கிறதோ, கம்பி எங்கே பிரிந்து நிற்கிறதோ. கத்தி மாதிரி இருக்கும் தகர ஓட்டையில் அது உரசிக்கொண்டு கிடக்கும். குழந்தைகள் தொடுகிற டப்பா.

போன் அடித்தாள். கட் செய்தான். மறுபடி அடித்தாள். குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் மேளச் சத்தம். "பூஜைல இருக்கறேன், சும்மா சும்மா போன் பண்ணாத."

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வந்த டவுன் பஸ்ஸில் ஏறினாள்.

மண்டபத்து வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண் இவளுடைய பழைய சுடிதாரைப் பார்த்துவிட்டு, பன்னீர்ச் செம்பைப் பாதியில் நிறுத்தினாள். சத்யா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே நுழைந்தாள். தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. நூறு வாய் மெல்லுகிற சத்தம். சாப்பாட்டுக் கூடத்தை ஒட்டிக் கை கழுவுகிற நீளத் தொட்டி. அதில் சோற்றுப் பருக்கையும் கறிவேப்பிலையும் வெற்றிலைச் சாறும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் தேங்கித் தரையில் வழிந்தது. வெறுங்காலோடு அதில்தான் நடக்க வேண்டும். அவள் பாதத்தின் விளிம்பால் நடந்தாள். நடைக்கு அந்தப் பக்கச் சுவரில் பெரிய மெயின் பெட்டி. அதன் கதவெல்லாம் எண்ணெய்க் கை அச்சு. அதற்கு நேர் எதிரே, தொட்டியிலிருந்து நாலு எட்டில், 'குழந்தைகள் உலகம்' என்று பலூன் கட்டிய மூலை.

டிவியில் கார் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கீழே ஸ்டூலில் டப்பா. சத்யாவுக்கு அடையாளமே தெரியவில்லை. தங்க நிறத்தில் தகரம், அதன்மேல் கல்யாண வீட்டுச் சந்தனத்தைக் கரைத்து மூன்று விரலால் பட்டையாக இழுத்திருந்தது. தண்ணீர் விட்டுக் கரைத்த சந்தனம். அது ஸ்விட்சின் மேலேயே வழிந்து, ஓட்டைக்குள் இறங்கியிருந்தது. நடுவில் குங்குமம், சுற்றிலும் மல்லிகைச் சரம், மேலே ஒரு எலுமிச்சம்பழம். சந்தனக் குழம்புக்குள்ளிருந்து ஸ்விட்சின் சிவப்பு விளக்கு, புண் மாதிரி எரிந்தது.

எந்தப் புதுப் பொருளுக்கும் சந்தனம் குங்குமம் வைக்காமல் ஊரில் யாரும் ஓட்ட மாட்டார்கள். பைக்குக்கு வைப்பார்கள், பிரிட்ஜுக்கு வைப்பார்கள். வைக்கட்டும். கரண்ட் ஓடுகிற தகரத்துக்கும் வைத்துவிட்டான்.

தரையில் ரப்பர் விரிப்பு போட்டிருந்தது. அதன்மேல் நின்ற பிள்ளைகள் விளையாட்டைப் பார்க்கவில்லை. வேறொரு விளையாட்டு கண்டுபிடித்திருந்தார்கள்.

"டேய், தொட்டுப் பார்றா, குறுகுறுங்குது!"

"நானு, நானு!"

ஒருவன் விரல் நுனியால் தகரத்தைத் தொட்டு, கூச்சத்தில் சிரித்து, கையை உதறினான். அடுத்தவன் தொட்டான். அதற்கடுத்த பெண் தொட்டாள். வரிசை.

சத்யா அவர்கள் காலடியைப் பார்த்தாள். விரிப்பும் காய்ந்த கையும்தான் இவர்களை நிற்க வைத்திருக்கின்றன.

விமல்ராஜ் பட்டுச் சட்டை போட்டு, ஓரத்தில் வெற்றிலை மென்றுகொண்டு நின்றான். அவள் அவன் கையைத் தொடாமல் சட்டை முனையைப் பிடித்து இழுத்தாள்.

"அண்ணா. ஆஃப் பண்ணுண்ணா."

"வந்துட்டாபா. கடையை யாரு பாக்கறது, உங்க நைனாவா?"

"உள்ள கரண்ட் ஒயரா உட்ட?"

"பின்ன இன்னா, காப்பித் தண்ணியா உடுவாங்க?"

"தகரம்ணா. புள்ளைங்களுக்கு குறுகுறுங்குதாம். அது ஷாக்கு..."

"அது ஸ்டாட்டிக்கு. பட்டுப் பாவாடை கட்டிக்கினு வந்துகீதுங்க இல்ல, அதான்." வெற்றிலைச் சாறு உதட்டோரம் வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, அதே கையால் டப்பாவைக் காட்டினான். "உன் பட்டனு குண்டூசி சைசுல இருக்குது. ஓனரு கண்ணுக்குத் தெரியுமா அது? ஸ்விட்ச்சுன்னா ஸ்விட்ச்சு மாதிரி இருக்கணும். செவப்பா எரியணும். போ, போயி ஓரமா குந்து. சாப்ட்டுட்டு போ."

அவன் வாயிலிருந்து ஒரு பாக்குத் துணுக்கு பறந்து வந்து அவள் கன்னத்தில் ஒட்டியது. துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"வாங்க சார், வாங்க!" என்று அவன் குரல் அதற்குள் தேனாகிவிட்டது.

குமரகுரு வந்தார். கூடவே போட்டோகிராபர். அவருடைய பேத்தி தன்ஷிகா, ஆறேழு வயது, தொட்டியில் கை கழுவிவிட்டு, ஈரக் கையைப் பட்டுப் பாவாடையில் துடைக்காதே என்று யாரோ அதட்டியதால் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வந்தாள். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"நம்ம வீட்டுப் பொண்ணு கையால ஒரு பொட்டு வெச்சிட்டா திறந்த மாதிரி சார்," என்று விமல்ராஜ் குங்குமச் சிமிழை நீட்டினான்.

"வெய்டா கண்ணு," என்றார் தாத்தா.

போட்டோகிராபர் கேமராவில் கண்ணை வைத்து, எடுத்து, முகம் சுளித்தார். "சார், கீழ அந்த ரப்பர் மேட்டு அசிங்கமா தெரியுது. பிரேம்ல வருது. உருவிடுங்க."

இரண்டு பேர் விரிப்பை உருவினார்கள். அதன் கீழே தொட்டித் தண்ணீர் ஏற்கெனவே ஊர்ந்து வந்திருந்தது. குழந்தை அந்த ஈரத்தில் வெறுங்காலோடு நின்றாள்.

சத்யா வாயைத் திறந்தாள். நிறுத்துங்க என்று கத்த வேண்டும். தொண்டைவரை வந்தது. டீச்சர் முன்னால் நின்றதுபோலவே நின்றது. காற்று மட்டும் வந்தது. பிளக் எங்கே? டிவிக்குப் பின்னால், பலூன் சுவருக்கு அந்தப் பக்கம், நடுவே இருபது பிள்ளைகள். குழந்தை ஈர விரலைக் குங்குமத்தில் தோய்த்துவிட்டாள்.

சத்யா திரும்பி ஓடினாள். தேங்கிய தண்ணீரில், பருக்கையை மிதித்து, வெற்றிலைச் சாறை மிதித்து, வழுக்கி, சுவரைப் பிடித்து, மெயின் பெட்டியின் கதவைத் திறந்தாள். உள்ளே பெரிய நெம்புகோல். யாரெல்லாமோ தொட்டுப் பிசுபிசுத்தது. இரண்டு கையாலும் பற்றித் தொங்கினாள்.

டமார்.

விளக்கு, விசிறி, மைக், ஐஸ்கிரீம் பெட்டியின் உறுமல் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றன. டிவியில் கார் மறைந்தது. அந்தத் திடீர் அமைதியில் குழந்தையின் குரல் மட்டும், "தாத்தா, பொட்டு வெச்சிட்டேன்."

பிறகு கூச்சல்.

"யார்றா அது?"

"கல்யாண வீட்ல வெளக்கை அணைக்கறதா? வெளங்குமா இது?"

மண்டபத்து எலக்ட்ரீஷியன் ஜான்சன் டெஸ்டரைப் பையில் செருகிக்கொண்டு ஓடி வந்தார். சத்யா இன்னும் நெம்புகோலை விடவில்லை.

"யாரும்மா நீ? கையை எடு. எடும்மா!"

அவள் தலையை ஆட்டினாள். விமல்ராஜ் சிரித்துக்கொண்டே வந்தான். நாலு பேர் பார்க்கும்போது அவனுக்கு எப்போதும் அந்தச் சிரிப்பு வந்துவிடும்.

"எங்க சித்தி பொண்ணு சார். கொஞ்சம் ஒரு மாதிரி. ஸ்கூலுக்குக்கூட போவல. ஏய் சத்யா, வா, வந்துடும்மா." அவள் தோளில் கையை வைத்தான். அந்தக் கையின் ஈரம் துணியைத் தாண்டித் தோலில் பட்டது.

அருவருப்பு காலிலிருந்து ஏறியது. கால் விரலிடுக்கில் யாருடையதோ சோறு. கன்னத்தில் பாக்கு. தோளில் அந்தக் கை. அது மேலே மேலே வந்து தொண்டையில் அடைத்துக்கொண்டிருந்ததை முட்டித் தள்ளியது. வாந்திதான் வரப்போகிறது என்று நினைத்தாள். வந்தது பேச்சு.

"கையை எடு! அந்த டப்பாவுல கரண்ட் அடிக்குது. அதைக் கழட்டாம நான் இதை உட மாட்டேன்!"

அவள் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. பந்தியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இன்னாம்மா சொல்ற?" என்றார் குமரகுரு.

"புள்ளைங்கள கேளுங்க சார்."

கேட்கவே வேண்டியிருக்கவில்லை. "ஆமா அங்கிள், குறுகுறுங்குது!" என்று ஒரு பையன் பெருமையாகச் சொன்னான். "நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன்!"

"இல்ல, நானு!"

குமரகுரு பேத்தியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவளுடைய குங்கும விரலைத் தன் வேட்டியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஜான்சன் எல்லாரையும் விலகச் சொன்னார். பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கூடத்துக்கு விரட்டினார்கள். ஜான்சன் ரப்பர் விரிப்பைத் தானே இழுத்துப் போட்டு, அதன்மேல் செருப்போடு நின்றார். "இப்ப தூக்கும்மா," என்றார். சத்யா நெம்புகோலைத் தூக்கினாள். அவர் டெஸ்டரின் நுனியை, சந்தனம் படாத இடமாகப் பார்த்து, சுரண்டித் தகரத்தில் வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது. வீட்டுப் பிளக்கில் வைத்தால் எரிகிற அதே வெளிச்சம்.

குச்சியால் ஸ்விட்சைத் தட்டி அணைத்தார். அப்போதும் எரிந்தது.

"ஆஃப் பண்ணாலும் எரியுது சார். ஸ்விட்ச்சுக்கு முன்னாடியே எங்கியோ பட்டுக்கினு இருக்குது." அவர் முகத்தில் இரத்தம் இல்லை. "ஈரக் கையி... வெறுங்காலு... கர்த்தரே."

மெயினை மறுபடி இறக்கச் சொல்லி, பலூன் சுவரைத் தள்ளிவிட்டுப் பின்னால் போய்ப் பிளக்கைப் பிடுங்கி எடுத்து வந்தார். பிறகுதான் கரண்ட் போட்டார்கள். விசிறி சுற்றியது. மைக்கில் பாட்டு நின்ற இடத்திலிருந்து அலறியது. ஒரு பெரியவர் பந்தியிலிருந்து கையை உயர்த்தி, "இங்க பாயசம் வரல!" என்றார்.

விமல்ராஜ் ஒரு நிமிடம்தான் வெளுத்திருந்தான். குமரகுரு அவன் பக்கம் திரும்புவதற்குள் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"நான்தான் சார் கண்ணைக் காட்டினேன் அவளுக்கு. மெயினை எறக்குன்னு. லேசா லீக்கேஜ் மாதிரி தோணிச்சு. நம்ம கடைப் பசங்களுக்கு ட்ரெயினிங் அப்படி குடுத்து வெச்சிகீறேன்."

சத்யா அவனைப் பார்த்தாள். கடையில் இத்தனை நாள் பார்த்த காதழுக்கு, மூக்குப்பொடி, கழிவறைத் தண்ணீர் எல்லாம் ஞாபகம் வந்தன. அவையெல்லாம் பஞ்சும் ஸ்பிரிட்டும் போட்டால் போய்விடும்.

அவள் ஸ்டூலுக்குப் போனாள். ஜான்சனிடம் ஸ்குரூ டிரைவர் வாங்கினாள். மல்லிகைச் சரத்தையும் எலுமிச்சம்பழத்தையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். உள்ளே சந்தனத் தண்ணீர் சொட்டியிருந்தது. சிவப்பு ஒயர், தகர ஓட்டையை ஒட்டி, விரல் நீளத்துக்குத் தோலில்லாமல் நின்றது. செப்பு இழைகள் தெறித்துப் பிரிந்து, இரண்டு இழை தகரத்தில் உட்கார்ந்திருந்தன. மீதித் தோலில் வரிசையாகப் பல் தடம்.

எல்லாரும் பார்த்தார்கள். ஜான்சன் கிட்டத்தில் குனிந்து, "கடிச்சிகீறான்," என்றார், நம்ப முடியாமல்.

சத்யா ஸ்குரூவைத் தளர்த்தி, அந்த ஒயரை முழுக்க உருவினாள். இரண்டு விரலால், ஒரு நுனியில் மட்டும் பிடித்து, விமல்ராஜின் முன்னால் போய் நின்றாள். அவன் பழக்க தோஷத்தில் கையை நீட்டினான். அந்தக் கையில் போட்டாள்.

"இந்தா. உன் எச்சி. நீயே வெச்சிக்கோ."

அவன் சிரிப்பு பாதியில் நின்று, சிவந்த பற்கள் மட்டும் தெரிந்தன.

"வெளிய போயி நில்லுபா," என்றார் குமரகுரு அவனிடம். "புள்ளைங்க இருக்குதுங்க. நான் ஏதாச்சும் சொல்லிடப் போறேன்."

சத்யா தொட்டிக்குப் போனாள். அடைப்பில் கிடந்த இலைத் துண்டை ஒதுக்கிவிட்டு, குழாயைத் திறந்து, கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கன்னத்தைக் கழுவினாள். ஒவ்வொரு காலாகத் தூக்கிக் கழுவினாள். கல்யாணத்துக்கு வந்தவர்கள் தாண்டிப் போனார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்லியிருப்பாள் போலிருந்தது.

திரும்பியபோது தன்ஷிகா பின்னால் நின்றாள். கையை இப்போது நன்றாகத் துடைத்திருந்தார்கள்.

"அக்கா, கேம் இனிமே வராதா?"

சத்யா டிவியைப் பார்த்தாள். போர்டையும் சார்ஜரையும் ஜான்சன் விரிப்பின்மேல் வைத்துச் சார்ஜரை மட்டும் செருகிப் பார்த்திருந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து நாலு வரி வந்து, அப்படியே நின்றிருந்தது. அவளுக்கு நன்றாகத் தெரிந்த வரிகள்.

"இன்னிக்கு வராது. ஓடிக்கினு இருக்கும்போது மெயினை எறக்கிட்டாங்க. கார்டு போச்சு."

"யாரு எறக்கினது?"

"நான்தான்."

குழந்தை அவளைக் குற்றவாளியைப் போலப் பார்த்தாள். "ஏன்?"

அதற்குள் குமரகுரு வந்துவிட்டார். பேத்தியின் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சத்யா போர்டைச் சார்ஜரிலிருந்து கழற்றி, துப்பட்டா நுனியால் ஈரம் ஒற்றினாள்.

"இந்த டப்பா வேணாம் சார், பேரிச்சம்பழக்காரனுக்குப் போடுங்க. நான் பிளாஸ்டிக் டப்பாவுல வெச்சி கொண்டாறேன். குண்டூசி சைசுல ஒரு பட்டன் இருக்கும், பச்சை லைட் இருக்கும். லைட்டு அணைஞ்சப்புறம் உங்க ஆளுங்க எதை வேணா புடுங்கட்டும்." கூடவே சொன்னாள், "பொட்டு வெக்கறதுன்னா டிவி மேல வெச்சிக்கோங்க. அதுவும் காஞ்ச குங்குமமா."

"சரிம்மா," என்றார் அவர். "யாரைக் கேட்டு போன் பண்ணட்டும்?"

"என்னையே கேளுங்க. சத்யப்ரியா."

வாசலில் விமல்ராஜ் பைக்கின்மேல் உட்கார்ந்திருந்தான். ஒயர் இன்னும் கையிலேயே இருந்தது. "ஏய், வா, ஏறு, கடைக்குப் போலாம்," என்றான், ஒன்றுமே நடக்காததுபோல. பேசிவிட்டு, ஓரமாகத் திரும்பிச் சுவரில் துப்பினான். அது சிவப்பாக வழிந்தது.

அவள் போர்டைத் துப்பட்டாவில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு, அந்தச் சுவரை விட்டு விலகி, பஸ் நிற்கிற பக்கம் நடந்தாள். கடையில் அவளுடையது என்று இருந்தது ஒரு லஞ்ச் டப்பாவும் ஒரு பட்டனும்தான். போய் எடுத்துக்கொள்ள வேண்டும். கட்டரையும்.